மகா வைத்தியநாத சிவனார் சரித்திரம்

புலவன் இயற்றிய நூலுக்கு ஏடு சாட்சியாகும். சிற்பி சமைத்த திருக்கோயிலுக்குக் கல்லே சாட்சியாகும். இசைவாணன் பாடிய பாட்டுக்கோ கேட்டோருடைய செவியும் நெஞ்சுமன்றி வேறு சாட்சி இல்லை. பாட்டு முடிந்த அக்கணமே நாதம் ஆகாயத்தில் ஒடுங்கிவிடுகின்றது. அதன்பின் எஞ்சுவது கேட்டவர் சொல்லும் சொல்லேயாம். அச்சொல் நடுவுநிலையிற் பிறந்ததாயின், பாடினவன் நூற்றாண்டு கழிந்தும் வாழ்வான். அழுக்காற்றினாலேனும் முகமனாலேனும் பிறந்ததாயின், அவன் உண்மையுருவம் அவன் காலத்திலேயே மறைந்துபோம்.

இதற்கு எடுத்துக்காட்டாய் விளங்கியவர் வையைச்சேரி மகா வைத்தியநாத சிவனார். இந்திய தேசத்திலே இசைத்தட்டுக்கென்று முதன்முதற் பாட்டுப் பதிவு செய்யப்பட்டது 1902ஆம் ஆண்டிற் கல்கத்தா நகரிலாகும். சிவனார் சிவபதம் அடைந்ததோ 1893ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். ஆதலால் அவர் குரலிலே ஒரு துளியேனும் எந்தத் தட்டிலும் இல்லை. அங்ஙனமிருந்தும், தமிழ்நாட்டிற் சங்கீதம் அறிந்தோர் யாவரும் இன்றும் அவர் பெயரைத் தலைவணங்கிச் சொல்லுகின்றார்கள். கேட்டவர்கள் நேர்மையாய்க் கேட்டு, கேட்டதை நேர்மையாய்ச் சொல்லிவைத்தமையே அதற்குக் காரணமாகும்.

சங்கீத வித்துவான் ஒருவருடைய சரித்திரம் சைவாசிரியர்களுக்கு எற்றுக்கோ எனின், கூறுதும். நாடோறும் பிள்ளைகளைத் தம்முன் நிறுத்தி, அவர்கள் பாடுவதையும் படிப்பதையும் கேட்டு, நன்று என்றும் அன்று என்றும் தீர்ப்புச் சொல்லுகின்றவர்கள் ஆசிரியர்களே. அத்தீர்ப்பு ஒரு பிள்ளையை ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. சிவனாருடைய வாழ்க்கையோ தொடக்கமுதல் இறுதிவரை நல்ல தீர்ப்புக்களால் அமைந்த வாழ்க்கை. ஆதலின் அதனை இங்கே சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் கல்வியும்

சோழவள நாட்டிலே, தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த வையைச்சேரி என்னும் ஊரிலே, பஞ்சநதையர் என்னும் அந்தணர் ஒருவர் இருந்தார். துரைசாமி ஐயர் என்பது அவருக்கு வழங்கிய மற்றொரு பெயர். அவர் சங்கீதப் பயிற்சி உடையவர். அவருக்குப் புதல்வர் நால்வர். அவருள் மூன்றாமவராக 1844ஆம் ஆண்டு மே மாதத்திலே பிறந்தவர் நம் சரித்திர நாயகர். அவருக்கு முன்பிறந்த இராமசாமி என்பவர் பின்னாளிலே இராமசாமி சிவன் என்று பெயர் பெற்றுத் தமிழிலும் இசையிலும் சிறந்து விளங்கினார். தம்பியார் பாட, தமையனார் உடன்பாடியும் சாகித்தியம் இயற்றியும் துணைநின்று, இருவரும் ஓருயிர்போல வாழ்ந்தனர்.

தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றிலே சித்தியடைந்தது 1847ஆம் ஆண்டு. அப்பொழுது நம் நாயகருக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. எனவே அப்பெரியாரை அவர் கண்டு கற்கும் வாய்ப்பு இல்லையாயிற்று. ஆயினும் அப்பெரியாருக்கு உறவினரும் நேர்மாணாக்கருமாகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரை ஆசிரியராகப் பெறும் பேறு வாய்த்தது. தந்தையாரிடத்து அடிப்படையும், வேங்கடசுப்பையரிடத்து மேற்பயிற்சியும் பெற்றுப் பாலப் பருவத்திலேயே சபையிற் பாடுந் தகுதி எய்தினார். அவ்வேங்கடசுப்பையரிடத்திலேயே பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் கற்றார். ஒரே ஆசிரியரிடத்தினின்று முற்றிலும் வேறுபட்ட இயல்புடைய இரு பெருவித்துவான்கள் தோன்றியமை நோக்கத்தக்கது. மாணாக்கர் எல்லாரையும் ஓரச்சில் வார்க்காமல், அவரவர் இயல்பை அறிந்து வளர்த்த ஆசிரியர் அவர் என்பது இதனாற் பெறப்படும்.

கல்லிடைக்குறிச்சிச் சபை

சிவனாருடைய வாழ்க்கையை நிலைநிறுத்திய நிகழ்ச்சி அவருக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்பொழுது, 1856ஆம் ஆண்டளவில், திருநெல்வேலிச் சீமையிலே தாமிரபருணி தீரத்துள்ள கல்லிடைக்குறிச்சியில் நிகழ்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துக்கு அவ்வூரிலே ஒரு மடம் உண்டு. ஆதீனத்திலே பின்னர்ப் பெரிய பட்டம் ஏற்று விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் அக்காலத்தில் அங்கே எழுந்தருளியிருந்தார். தமிழ், வடமொழி, சங்கீதம் என்னும் மூன்றிலும் தேர்ந்த செவியுடையவர் அவர். வித்துவான்களை அழைத்துக் கேட்டுத் தரமறிந்து பரிசளித்தலைத் தம் கடனாகக் கொண்டவர். பிற்காலத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையும் உ. வே. சாமிநாதையரவர்களையும் ஆதரித்த வள்ளல் இவரே.

அங்கே தேசிகர் முன்னிலையில் வித்துவான்கள் கூடிய சபையிலே இச்சிறுவர் பாடினார். வயதிலும் புகழிலும் முதிர்ந்த பெரிய வைத்தி, சின்ன வைத்தி என்னும் பெயருடைய வித்துவான்கள் இருவர் அக்காலத்திலே பேர்பெற்றிருந்தனர். அவர்களுக்கு எதிரே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவர் அமர்ந்து பாடுவதென்றால், அச்சபையிலிருந்தோர் சிலருக்கு வியப்பும் சிலருக்கு நகையும் தோன்றியிருத்தல் இயல்பே. அங்கே சக்கரவாக ராகத்தைக் குறித்துக் கேள்வி எழுந்ததென்றும், மேளகர்த்தாக்களுட் பதினாறாவதாகிய அவ்வரிய ராகத்தைச் சிறுவர் ஐயந்திரிபின்றிப் பாடிக் காட்டினாரென்றும் கூறுவர். பாட்டு முடிந்தபின், குழுமியிருந்த வித்துவான்கள் முன்னிலையிலே சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு மகா என்னும் பட்டத்தை வழங்கினார். பெரிய வைத்தியும் சின்ன வைத்தியும் இருந்த நாட்டிலே அன்றுமுதல் மகா வைத்தியநாதரும் ஒருவரானார்.

இத்தீர்ப்பை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரல் நிலையில்லாதது. இரண்டோர் ஆண்டிலே அது உடைந்து மாறும். மாறியபின் இனிமை நிற்குமோ நில்லாதோ என்பதை எவராலும் முன்னறிந்து சொல்லல் இயலாது. குரலினிமை ஒன்றையே கண்டு பட்டம் வழங்கியிருந்தால், அப்பட்டம் இரண்டாண்டிற் பொய்த்துப்போகவுங்கூடும். தேசிகர் நிறுத்துப் பார்த்தது குரலினும் ஆழமான ஒன்றை என்று யாம் கருதுகின்றோம். ராகத்தின் உருவத்தை அறிந்த அறிவும், சபை கண்டு அஞ்சாத நெஞ்சும், ஆசிரியர் காட்டிய வழியினின்று வழுவாத ஒழுங்குமே அச்சிறுவரிடத்து அவர் கண்டவை. குரல் மாறினும் இவை மாறா. முப்பத்தேழு ஆண்டுக்காலம், சிவனார் வாழ்ந்த நாள் முழுவதும், அத்தீர்ப்புப் பொய்க்காமல் நின்றது.

இங்கே நம் நாட்டாருக்கு நினைவு வருதற்குரிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஏழாண்டுக்கு முன்னே, 1849ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகம்பிள்ளையவர்களுடைய பிரசங்க வன்மையைக் கேட்டு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டியதும் அத்திருவாவடுதுறை ஆதீனமே. அப்பொழுது நாவலரவர்களுக்கு வயது இருபத்தேழு நிரம்பவில்லை. கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவருக்கும், சோழநாட்டுச் சிறுவர் ஒருவருக்கும் ஒரே ஆதீனம் அளித்த அவ்விரண்டு சொற்களும் அவ்விருவர் பெயரோடும் பிரிக்கலாகாதபடி ஒன்றிவிட்டன. நாவலர் என்றால் ஆறுமுக நாவலர். மகா என்றால் வைத்தியநாதர். பட்டம் பெறுவோர் பெருமையை மாத்திரமன்றி, தருவோருடைய தரமறியும் ஆற்றலையும் இது காட்டுகின்றது.

சிவநெறியும் இசைநெறியும்

ஐயர் என்று வழங்கற்குரியவர் சிவன் என்று வழங்கப்பட்டமைக்குக் காரணம் அவர்தம் ஒழுக்கமே. சகோதரர் இருவரும் சிவபூசையிலும் விபூதி உருத்திராக்க தாரணத்திலும் உறைப்புடையவர்கள். தாம் இயற்றிய சாகித்தியங்களிலே நம் நாயகர் குகதாசர் என்னும் முத்திரை வைத்துத் தம்மை முருகக்கடவுளுக்கு அடியவராக அமைத்துக்கொண்டார்.

இராமசாமி சிவன் பெரியபுராணத்து அடியார் சரித்திரங்களைக் கீர்த்தனைகளாக இயற்றினார். அவற்றைச் சிவனார் தம் இசையால் உயிர்ப்பித்துக் கதையாக நிகழ்த்தினார். கேட்டவர்கள் நாயன்மார் சரித்திரத்தை ஏட்டிலே கற்றதினும் அங்கே கற்றது அதிகம் எனலாம். தியாகராஜ சுவாமிகளுடைய தெலுங்குக் கிருதிகளிலே குருபரம்பரையாய் வந்த பாடம் அவரிடத்து இருந்தது. வடமொழிச் சுலோகங்களும் தமிழ்ப் பாசுரங்களும் அவ்வாறே அவர் வாயில் விளங்கின. அவருக்கு எந்த மொழியும் அயன்மொழி அன்று. இறைவன் புகழ் எந்த மொழியிலே அமைந்ததோ அந்த மொழியின் ஒலியைச் சிதையாமல், பொருள் தோன்றும்படி பாடுதலே அவர் கொண்ட நெறி.

கச்சேரி முறையும் போட்டிகளும்

அக்காலத்துக் கச்சேரி இக்காலத்து முறையினின்று வேறுபட்டது. வர்ணத்திலே தொடங்கிப் பல கிருதிகளைப் பாடி, நடுவே ராகம் தானம் பல்லவியும் இறுதியிலே துக்கடாக்களும் அமைக்கும் ஒழுங்கு, அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890-1967) அவர்களால் இருபதாம் நூற்றாண்டிலே நிலைபெற்றதாகும். சிவனார் காலத்திலே பல்லவியே வித்துவானுக்கு உரைகல். ஒரு வரிச் சாகித்தியத்தை எடுத்துக்கொண்டு, தாளத்தில் அதன் இடம் பிறழாமல், காலத்தை இரட்டித்தும் பாதியாக்கியும், நிரவல் செய்தும், சுரம் கோத்தும் நாழிகைக் கணக்காகப் பாடுவர். எதிர்வித்துவான் கடினமான பல்லவியைப் போட்டு மற்றவரை மடக்க முயல்வதும் உண்டு. பத்திரிகையில் விமரிசனம் எழுதுவார் இல்லாத அக்காலத்திலே, சபையே விமரிசகர், போட்டியே விமரிசனம், பரிசும் பட்டமும் தீர்ப்பு.

திருவனந்தபுரத்திலே 1860 முதல் 1880 வரை அரசுபுரிந்த ஆயில்யம் திருநாள் மகாராஜா சங்கீதத்தில் மிக்க விருப்பமுடையவர். அவர் சமஸ்தானத்திலே கோயம்புத்தூர் இராகவையருக்கும் சிவனாருக்கும் நடந்த போட்டி தென்னாடு முழுவதும் பேசப்பட்டது. இத்தகைய போட்டிகளிலே சிவனார் தாமே வலிந்து சென்று எவரையும் இழிவுபடுத்தினார் என்னும் சொல் இல்லை. வல்லமை மிக்கவர்களிடத்து இவ்வடக்கம் அரிதினும் அரிது.

போட்டியினும் நமக்குப் பயன்படுவது ஒப்புமையாகும். சிவனாரையும் பட்டணம் சுப்பிரமணிய ஐயரையும் (1845-1902) ஒப்புநோக்கிப் பேசுதல் அக்காலத்து இரசிகர்களுக்கு ஒரு பெருவிருந்து. இருவரும் ஓராசிரியர் மாணாக்கர்; ஓராண்டு இடையிட்டுப் பிறந்தவர்கள். சிவனார் குரல் மந்தரம், மத்திமம், தாரம் என்னும் மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி ஓடுவது, பிருகாக்கள் நிறைந்தது, எவ்வளவு விரைவிலும் சுருதி பிசகாதது. சுப்பிரமணிய ஐயர் குரலோ எளிதில் வளையாதது, கனத்தது. அவர் அதனைத் தம் உழைப்பினாலே வயப்படுத்தி, நிதானமான நடையும் அழுத்தமான தானமும் தமக்கே உரியனவாக்கிக்கொண்டார். பேகடை ராகத்தைப் பாடுவதில் அவருக்கு நிகரில்லை என்று பேகடை சுப்பிரமணிய ஐயர் என்றே அவரை அழைத்தனர்.

இவ்விருவருள் உயர்ந்தவர் யார் என்று சிலர் வாதிடுவர். இறைவன் கொடுத்த குரலைக் கெடாமற் காத்து அவன் பணிக்கே ஆக்கியவர் ஒருவர். கொடாத குரலை முயன்று ஆக்கிக்கொண்டவர் மற்றொருவர். அக்காலத்து நல்ல இரசிகர்கள் ஒருவரைப் புகழ மற்றவரை இகழ்ந்தார்களில்லை. ஒவ்வொருவரிடத்தும் அவரவர்க்குரிய சிறப்பைக் கண்டு சொன்னார்கள். அதனாலேயே இருவர் உருவமும் நமக்கு வேறுவேறாய்த் தெளிவாய்க் கிடைத்துள்ளன.

மேளராகமாலிகை

இனி, சபையார் எல்லாரும் வியந்து பாராட்டிய ஒரு செயலைச் சிவனார் தாமே குற்றமென்று தீர்த்த வரலாற்றைக் கூறுவோம். அவர் வாழ்க்கையிலே தலைசிறந்தது இதுவே என்பது எம் துணிபு.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இறுதியானவர் சிவாஜி மகாராஜா. அவர் 1855ஆம் ஆண்டில் இறக்க, இராச்சியம் கும்பினியாருக்கு உரியதாயிற்று. அவருடைய மருமகர் சகாராம் சாகேபு என்பவர். அவரைப் புகழ்ந்து லாவணி வேங்கடராவ் என்னும் புலவர் மராட்டிய மொழியிலே ஒரு நெடுஞ்சாகித்தியம் இயற்றினார். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பெயரும் அதனுள் அமைந்திருந்தன. அதற்கு இசையமைக்கும் பணி சிவனாரை வந்தடைந்தது.

எழுபத்திரண்டு மேளம் என்பது யாது எனின்: சட்சமும் பஞ்சமமும் மாறாச் சுரங்கள். ரிஷபமும் காந்தாரமும் தம்முட் சேரும் வகை ஆறு. தைவதமும் நிஷாதமும் சேரும் வகை ஆறு. இவற்றை உறழ முப்பத்தாறு. மத்திமம் சுத்தம், பிரதி என இருவகை ஆதலின் முப்பத்தாறும் இரட்டித்து எழுபத்திரண்டாகும். பதினேழாம் நூற்றாண்டிலே வேங்கடமகி என்பார் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் இக்கணக்கை வகுத்தார். இவற்றுட் சில ராகங்களே வழக்கில் உள்ளன. பல ராகங்கள் பாடுதற்கு அரியன, செவிக்குப் புதியன. அவை அனைத்தையும் வரிசை பிறழாமல் ஒரே மாலையாகக் கோத்து, ஒவ்வொன்றின் உருவமும் ஓரிரு வரியிலே தோன்றச் செய்து, ஒன்றினின்று மற்றொன்றுக்கு இடறாமற் செல்லும்படி சிட்டைசுரமும் அமைத்தல் எத்துணைக் கடினம் என்பதைச் சங்கீதம் அறிந்தோர் அறிவர். சிவனார் அதனைச் செய்து முடித்தார். சகாராம் சாகேபு மகிழ்ந்து பரிசளித்தார். உலகம் புகழ்ந்தது.

ஆயினும் அவர் மனம் அமைதியடையவில்லை. தம்முடைய வித்தையின் முழுவலியையும் ஒரு மனிதருடைய புகழுக்கு ஆக்கிவிட்டோமே என்னும் கழிவிரக்கம் அவரைப் பற்றியது. அவ்விசையைக் குறைகூறினார் எவருமிலர்; கேட்டவர் அனைவரும் கொண்டாடினர். அவர் ஒருவரே அதனைக் குற்றமுடைத்தென்று கண்டார். கண்டு, மறந்துவிடவுமில்லை, தாம் அமைத்த இசையை அழித்துவிடவுமில்லை. அதே எழுபத்திரண்டு ராகத்துக்கும் வடமொழியிலே தாமே புதிய சாகித்தியம் இயற்றி, திருவையாற்றில் எழுந்தருளியிருக்கும் ஐயாறப்பராகிய பிரணதார்த்திஹரர் திருவடிக்கு அதனைச் சாத்தினார். வணங்கினோர் துயர்களைபவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். அப்பர் சுவாமிகள் கயிலைக்காட்சி கண்டு உருகிய தலம் அது. தம் துயரைக் களைந்துகொள்ளச் சிவனார் அத்தலத்து இறைவரையே நாடியது எத்துணைப் பொருத்தம்!

மனிதத்துதியாய்ப் பிறந்த மராட்டியச் சாகித்தியத்தை இன்று பாடுவார் இலர். சிவத்துதியாய் மாறிய மேளராகமாலிகையோ இன்றும் வாழ்கின்றது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் அதனைப் பாடி இசைத்தட்டாகவும் வெளிவந்திருக்கின்றது. இசை ஒன்றே; இலக்கு மாறியது; இலக்கு மாறியவுடன் ஆயுளும் மாறியது.

கேட்டோர் சாட்சி

சிவனாரைப்பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களால் (1855-1942) நமக்குக் கிடைத்தது. அவர் சிவனாருடைய சரித்திரத்தைத் தனிநூலாக எழுதி 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் வரலாற்று நூலிலும் அவரைக் குறித்திருக்கின்றார். ஐயரவர்கள் இசையறியாத ஏட்டுப்புலவர் அல்லர். இசைப்பயிற்சியுள்ள குடும்பத்திலே பிறந்து, மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடத்துச் சிலகாலம் சங்கீதம் கற்றவர். திருவாவடுதுறையிலே சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையிற் சிவனார் பாடியதைத் தம் செவியாற் கேட்டவர். எனவே சாட்சி சொல்லும் தகுதி அவருக்கு முற்றும் உண்டு.

எனினும் சாட்சியை அப்படியே விழுங்குதல் ஆராய்ச்சியாகாது. அவர் எழுதியது கேட்டுப் பல்லாண்டு கழிந்தபின். இளமையிலே கேட்ட இசை முதுமையிலே நினைக்குந்தோறும் இனிமை மிகுவது மனவியல்பு. அன்றியும் அன்பு மிக்கார் சொல்லிலே குறை தோன்றாது. ஆதலால், மூன்று ஸ்தாயியிலும் குரல் ஓடியது என்பதுபோலப் பலரும் ஒருமுகமாய்ச் சொல்லுவனவற்றை உறுதியாகக் கொள்ளுதலும், ஒருவர் மாத்திரம் சொல்லும் வியப்புக்களை அவ்வளவில் வைத்துப் பார்த்தலும் தக்க முறையாகும்.

சிவனாருடைய ஆக்கங்களைக் குறித்துக் குறைகூறுவாரும் உளர். கானடா ராகத்திலே கௌரீநாயகர்மீது அவர் செய்த தில்லானா சிம்மநந்தன தாளத்தில் அமைந்தது. அத்தாளத்துக்கு ஓர் ஆவர்த்தம் நூற்றிருபத்தெட்டு அட்சரம். தாளங்களுள் மிக நீண்டது அதுவே. இதுவும் மேளராகமாலிகையும் கணக்கு வல்லமையைக் காட்டுவனவே. உள்ளத்தை உருக்குவதற்கு எளியதொரு பதிகம் போதும் என்பது அவர்கள் கூற்று. இதனை முற்றிலும் பிழையென்று தள்ளல் ஆகாது. அருமை வேறு, இனிமை வேறு. ஆயினும் ஜனரஞ்சனி ராகத்திலே இராஜராஜேசுவரியின்மீது அவர் செய்த கிருதியைக் கேட்டவர்கள், அருமையே அவருக்கு எல்லை என்று சொல்லத் துணியார். அது சிறியது, தெளிந்தது. கேட்டமாத்திரத்தே பிள்ளைகளும் விரும்புவது. வல்லவன் ஒருவன் அரியதையும் செய்வான், எளியதையும் செய்வான். அவனை ஒன்றனால் மாத்திரம் அளத்தல் குறை.

மற்றொரு சாட்சியும் உண்டு. அது மாணாக்கர் பரம்பரை. சிவனாரிடம் கற்ற சபேசையர் பின்னாளிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக்கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து பலருக்குக் கற்பித்தார். மற்றொரு மாணாக்கராகிய உமையாள்புரம் சுவாமிநாதையர் 1946ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். அவரிடம் கற்றவர் மகாராஜபுரம் விசுவநாதையர். விசுவநாதையரிடம் கற்றவர் செம்மங்குடி சீனிவாசையர். செம்மங்குடியவர்கள் 2003ஆம் ஆண்டுவரை வாழ்ந்திருந்தார். கல்லிடைக்குறிச்சியிலே 1856ஆம் ஆண்டிற் கேட்ட நாதத்தின் வழிவந்த நாதத்தை இருபத்தோராம் நூற்றாண்டிலும் கேட்டார் உளர் என்றால், ஒரு நல்ல ஆசிரியருடைய வேலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டுமோ?

ஆசிரியர் கடன்

இச்சரித்திரத்தை எழுதும்பொழுது எம் நெஞ்சை உறுத்தும் பழைய நினைவு ஒன்றையும் மறைக்காமற் சொல்லிவிடுதல் நலம். பல்லாண்டுக்கு முன் ஒரு குருபூசைத் தினத்திலே தேவாரப் போட்டிக்கு யாமும் ஒரு நடுவராய் அமர்ந்திருந்தோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் பாடினான். பண் பிசகவில்லை, சொல் சிதையவில்லை, பதிகத்தின் பொருளுணர்ந்து பாடினான். ஆயின் அவன் குரல் அவ்வாண்டிலே உடையத் தொடங்கியிருந்தது. மேலே செல்லுமிடத்து இரண்டுமுறை பிளந்தது, பிள்ளைகள் நகைத்தனர். யாம் அவனுக்குக் குறைந்த புள்ளி இட்டதோடு அமையாமல், உனக்குப் பாட்டு வராது என்னும் கருத்துப்படவும் சபையிலே சொல்லிவிட்டோம். விரைந்தும் உரத்தும் பாடிய வேறொருவனுக்குப் பரிசு சென்றது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அப்பிள்ளை போட்டிக்கு வரவில்லை. குரல் உறுதிப்பட்டபின் அவன் எப்படிப் பாடியிருப்பான் என்பதை இனி அறிவார் ஒருவருமிலர். எம் சொல்லே அதற்குக் காரணம் என்பதை இப்பொழுது உணர்கின்றோம்.

சுப்பிரமணிய தேசிகர் கேட்டதும் ஒரு பிள்ளையின் பாட்டையே. யாம் கேட்டதும் ஒரு பிள்ளையின் பாட்டையே. அவர் நிலைத்து நிற்பதைக் கேட்டார். யாம் கடந்துபோவதைக் கேட்டோம். அவர் சொல் ஒரு நூற்றாண்டுக்கு இசையை வளர்த்தது. எம் சொல் ஒரு வாயை அடைத்தது. இவ்வேறுபாட்டை உணர்த்தவே இத்துணையும் விரித்தோம்.

ஆதலால், சைவப் பாடசாலைகளிலே பண்ணோடு திருமுறை ஓதுவிக்கும் ஆசிரியர்கள் மூன்றனை மனத்திற் கொள்வார்களாக. குரலைக் கேட்குமுன் பிள்ளையின் அறிவையும் ஒழுங்கையும் கேட்டல் வேண்டும். ஒரு பிள்ளையை உயர்த்தும்பொருட்டு மற்றொரு பிள்ளையைத் தாழ்த்தலாகாது; சிவனாருக்கும் சுப்பிரமணிய ஐயருக்கும் வேறுவேறு பெருமை இருந்தவாறே, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியதொரு சிறப்பு உண்டு; அதனைத் தேடிக் கண்டு சொல்லுதலே தீர்ப்பாகும். பரிசும் கைதட்டும் கிடைத்தபின்னும், இப்பாட்டு யாருக்காகப் பாடினேன் என்று தன்னைத்தானே கேட்கும் வழக்கத்தைப் பிள்ளைக்குப் பழக்கல் வேண்டும். மேளராகமாலிகையை ஐயாறப்பர் திருவடிக்குச் சாத்தியவருடைய சரித்திரத்தை வகுப்பிலே ஒருமுறை சொன்னால், இம்மூன்றாவது பாடத்துக்கு வேறு உரை வேண்டா.

மகா வைத்தியநாத சிவனார் நாற்பத்தொன்பது ஆண்டும் நிரம்பாமுன் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் குரல் நமக்குக் கிட்டவில்லை. அவர் குரலைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது கிட்டியிருக்கின்றது. அவ்வண்ணம் கேட்கக் கற்போமாயின், நம் வகுப்பறையிலே இன்று பாடும் பிள்ளைகளுள் ஒருவனேனும் நாளை நம்மை நன்றியோடு நினைப்பான்.

சுபம்.